நான் ஆபீஸ்காரன் இல்லை

விருத்தாசலம்
13.9.2004

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மாத்திரைகளோடு சௌக்கியம். நகோயாவில் நீ, மாப்பிள்ளை, குழந்தை இளமதி மூவரையும் பழமலைநாதர் பார்த்துக்கொள்வார்.

நிற்க. நேற்று போனில் நடந்ததற்கு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேத்திக்குத் தமிழ் வரவில்லை என்று நீ சொன்ன நாளிலிருந்து, ஒன்றரை வருஷமாக, யாரையும் கேட்காமல் நானே ஜப்பான் பாஷை படிக்கிறேன். இரண்டாம் புத்தகத்தில் 'சாப்பிட்டுப் பார்', 'வாங்கி வை' என்பதையெல்லாம் கடினமான பாடம் என்று போட்டிருக்கிறான். நம்மைப் போலவே அவர்களும் பாரையும் வையையும் பின்னால் ஒட்டுகிறார்கள், இதில் என்ன கடினம்? பீங்கான் பொம்மைச் சூளையில் வேலைக்கு நடுவே, மெருகு பூசாத பொம்மைகளின் முதுகில் பாடத்தைப் பென்சிலால் எழுதி வைத்துப் படித்தேன். அவற்றை அடுக்கிய தட்டு அப்படியே சூளைக்குள் போய், பொம்மை வெந்து வந்தது, பாடம் வரவில்லை. மறுபடி எழுதினேன். கூட வேலை செய்யும் பாவாடை, "பேத்திகிட்ட பேசறதுக்கு எந்த ஊர்லண்ணே பரீட்சை வெக்கிறாங்க?" என்றான். நாலு நாள் அவனோடு பேச்சில்லை.

நேற்று, யாரென்று சொல்லாமல் குழந்தையிடம் கொடு, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். தாங்கள் நலமா, தங்கள் வேலைக்கு நடுவே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் என்று முறையாகத்தான் ஆரம்பித்தேன். தாத்தா என்ற சொல் நாலாவது வாக்கியத்தில் இருந்தது. அதற்குள் அவள், "அம்மா, ஆபீஸ்லேருந்து யாரோ பேசறாங்க" என்று அவள் பாஷையில் சொல்லி உன்னிடம் கொடுத்துவிட்டாள். காதால் கேட்டு எனக்கு முழுசாகப் புரிந்த முதல் ஜப்பான் வாக்கியம் அதுதான்.

நீ என்னடான்னா, "கொழந்தைகிட்ட யாராவது இவ்ளோ மரியாதையா பேசுவாங்களாப்பா"ங்கற. பொறந்து அஞ்சு வருஷம் ஆவுது, இன்னும் நேர்ல மொகம் பாக்கல. முன்னபின்ன பாக்காத புள்ளய எடுத்தவுடனே வா போன்னு பேசச் சொல்றியா? நம்ம வூட்டுக்கு வந்து, மடியில உக்காந்து, ஒரு தடவ என் மீசைய இழுக்கட்டும், அப்பறம் வாடி போடின்றேன். அதுவரைக்கும் மாத்திக்க மாட்டேன்.

ஆகவே இனி நான் போனுக்கு வருவதாக இல்லை. புத்தகத்தைப் பரணில் போட்டாயிற்று. இளமதி தானாகத் தாத்தா என்று கூப்பிடட்டும், பார்க்கலாம். மாப்பிள்ளைக்கு என் மரியாதை. உனக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
விருத்தகிரி

பி.கு.: கவரை ஒட்டுமுன் உன் போன் வந்து அம்மா எடுத்தாள். "அந்த ஆபீஸ்காரர் இன்னைக்கு ஏம்மா பேசல?" என்று குழந்தை கேட்டதாமே. புத்தகத்தை இறக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீஸ்காரர் பேசுவார் என்று அவளிடம் சொல்லி வை.