புருவம் இல்லாத சீமாட்டி

“ஏனுங்க மாப்பிள்ளை, இந்தப் பொண்ணுக்குப் புருவமே காணோமே?”

மியூசியத்தில் அந்த ஓவியத்தின் முன் நின்ற சபரியால் காதை நம்ப முடியவில்லை. கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் மாமனார் கிட்டுசாமி அவனிடம் கேட்ட முதல் கேள்வி இது. பொள்ளாச்சியிலும் சரி, அமெரிக்காவில் சுகர் லேண்டுக்கு வந்திறங்கிய இந்த மூன்று வாரமும் சரி, எதுவானாலும் மகளிடம்தான் கேட்பார். மாப்பிள்ளை ஏதோ கம்ப்யூட்டர் தட்டுகிற பையன் என்பது அவர் நினைப்பு. அவரிடம் போய்த் தெரியாது என்பதா?

“வரைஞ்சவர் புருவத்தைக் கடைசியாத்தான் வரைவார் மாமா. அதுக்குள்ள செத்துட்டார்.”

“அடப் பாவமே.”

பிறகுதான் சபரி பக்கத்தில் இருந்த விளக்க அட்டையைப் படித்தான். ஐந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியச் சீமாட்டிகள் புருவத்தைப் பிடுங்கிவிடுவதுதான் ஃபேஷனாம். மெல்ல நகர்ந்து அட்டையை முதுகால் மறைத்துக்கொண்டான்.

இதோடு போதும் என்று அடுத்த அறைக்கு அழைத்துப் போனான். அங்கே தாயின் மடியில் இருந்த கைக்குழந்தைக்குக் கிழவர் முகம். குழந்தை அசைந்துகொண்டே இருந்ததால் வீட்டு ஓனரை உட்கார வைத்து வரைந்துவிட்டார்கள் என்றான். அதற்கடுத்த அறையில் உடம்பெல்லாம் அம்பு தைத்த ஒருவர் அமைதியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்வித்தை வாத்தியார், அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு என்றான்.

“மூஞ்சில ஒரு கோவமில்லை பாருங்க. அவருதானுங்க வாத்தியாரு” என்று கிட்டுசாமி கும்பிட்டார்.

தமிழ்க் குரல் கேட்டு, ஃபிரிஸ்கோ ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பின்னாலேயே ஜெயமலர் என்ற இலங்கைத் தமிழ் ஆன்ட்டி, கையில் நோட்டும் பேனாவுமாக. சபரி குரலைத் தாழ்த்திப் பார்த்தான். எல்லோரும் இன்னும் நெருங்கி வந்தார்கள். கார்டில் வேறு மாதிரி போட்டிருக்கிறதே என்று ஃபிரிஸ்கோக்காரர் இழுத்தார்.

“அது டூரிஸ்டுகளுக்காக எழுதினது சார்” என்றான் சபரி. “உள் விஷயமெல்லாம் அதுல போட மாட்டாங்க.”

அவர் உடனே கார்டைப் படிப்பதை விட்டுவிட்டார். மற்றவர்களும்தான். மீதி ஆறு அறைகளுக்கும் உள் விஷயம் தேவைப்பட்டது.

வாசலுக்கு வந்ததும் கிட்டுசாமி அவன் தோளில் கை போட்டார்.

“நானும் என்னமோன்னு நெனச்சிருந்தேனுங்க மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லீங்க.”

சபரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிறைவில், இன்னும் எழுதிக்கொண்டிருந்த ஜெயமலரிடம் திரும்பி, இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறீர்கள் ஆன்ட்டி என்று கேட்டான்.

“இந்த மியூசியத்துக்குத் தமிழ் ஆடியோ கைடு எழுதிறது நான்தான் தம்பி; உங்கட முழுப் பேரையும் ஒருக்கால் சொல்லுங்கோ, ஆதாரமெண்டு போடோணும்.”