கப்பல்காரரின் பின்சீட்

புதுக்கோட்டைச் சீமையில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கப்பல்காரருக்குத் தெரிந்த அளவு எந்த சர்வேயருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க யார் வந்தாலும் மாப்பிள்ளை பெயரையோ முகூர்த்த நேரத்தையோ பார்க்க மாட்டார். "மண்டபம் மேட்டுல இருக்கா, பள்ளத்துல இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. மேடு என்றால் மனைவியோடு வருவார். பள்ளம் என்றால் வாழ்த்து மட்டும் வரும். காரணம், அவருடைய கார். இறக்கத்தில் உருட்டிவிட்டால் கிளம்பும். சமதரையில் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவனாக மூன்று வருஷம் உழைத்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கப்பல்காரர் என்றதும் கப்பலில் வேலை பார்த்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். வளைகுடாவில் ஒரு பணக்கார வீட்டில் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்தவர். ஊருக்குத் திரும்பி எங்கள் எதிர்வீட்டில் குடிவந்த மறு மாதமே சென்னைக்குப் போய், மூன்று கை மாறிய ஒரு கறுப்பு வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தார். தோல் சீட், கூரையில் கண்ணாடி ஜன்னல், முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும்படியான பளபளப்பு. தெருவின் பாதி அகலத்தை அது அடைத்துக்கொண்டது. "கப்பல் மாதிரில்ல இருக்கு!" என்று யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். அன்றோடு கார் கப்பல் ஆயிற்று, அவர் கப்பல்காரர் ஆனார். நிற்கும்போது அந்த வண்டி அத்தனை அழகு. அது அதற்கே தெரிந்திருக்க வேண்டும், அடிக்கடி நின்றது.

மற்ற வண்டிகள் நிற்பதற்கு முன்னால் இருமும், குலுங்கும், ஏதாவது ஒரு ஜாடை காட்டும். இது அப்படியெல்லாம் தரம் இறங்காது. வழுக்கிக்கொண்டு போகும்போதே சத்தம் அடங்கிவிடும். இன்ஜின் சூடானால் நிற்கும், சூடு ஆறினால்தான் மறுபடி பேச்சு. பேட்டரியும் அவ்வப்போது சேர்ந்துகொள்ளும்.

எங்கள் ஊர் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்தார்கள். போனட்டைத் திறந்ததும் எல்லாருமே இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு, "சென்சாரா இருக்கும்ணே" என்பார்கள். அந்த வண்டியில் மொத்தம் எத்தனை சென்சார் என்று எனக்குத் தெரியாது. மாற்றிய வரையில் ஒன்பது. கடைசியாக வந்தவர் மடிக்கணினியை மாட்டி ஒரு மணி நேரம் பார்த்தார்.

"கம்ப்யூட்டரு ஒரு ஃபால்ட்டும் இல்லங்குதுண்ணே."

"அப்பறம் ஏம்ப்பா நிக்கிது?"

"அதான் கம்ப்யூட்டருக்கும் தெரியல."

வைத்தியம் பலிக்காததால் கப்பல்காரர் அடுத்த கட்டத்துக்குப் போனார். பங்குச்சாமியாரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரிக்கச் செய்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. அடுத்த வாரமே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "மாதா கோவிச்சுக்காதாண்ணே?" என்றேன். "எஞ்சினுக்கு மதம் ஏது சார்?" என்றார். ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டார். வண்டி எலுமிச்சம்பழத்தில் முட்டிய நேரத்தில் நின்றுவிட்டது. ஒரு பழத்தை நசுக்கக்கூட அதற்குச் சீவன் இல்லையே என்று எனக்கு அழுகை வராத குறை.

நிறுத்தினால்தானே கிளப்புகிற பிரச்சினை என்று, கிளம்பிய வண்டியை அணைக்காமலே வைத்திருக்கப் பழகினார். டீக்கடையில் வண்டி உறுமிக்கொண்டிருக்கும், இவர் ஒரு கையில் டீயும் ஒரு கண் வண்டியிலுமாக நிற்பார். பெட்ரோல் பங்க்கில் இன்ஜினை அணைக்கச் சொல்வார்கள் அல்லவா? அதனால் வண்டியை ரோட்டிலேயே ஓடவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு பங்க்குக்கு நடந்து போவார். இத்தனை பெரிய காருக்கு கேனில் பெட்ரோல் வாங்கி ஊற்றிய ஒரே மனிதரை அங்கே எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஏசி கதை தனி. ஏசி போட்டால் வண்டி நின்றுவிடும். சரி, கண்ணாடியை இறக்கலாம் என்று கை வைத்தேன். பாய்ந்து தடுத்தார்.

"எறக்காதீங்க சார். எறக்குனா ஏசி இல்லன்னு தெரிஞ்சுபோயிரும்."

"யாருக்குண்ணே?"

"ரோட்டுல போறவுகளுக்கு."

ரோட்டில் போகிறவர்கள் ஜில்லென்று காற்று வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் சித்திரை வெயிலில் கறுப்புக் காருக்குள் வெந்துகொண்டு போனோம். அன்று குன்றாண்டார்கோவிலுக்கு ஒரு காதுகுத்துக்குப் போய் இறங்கியபோது என் சட்டையைப் பார்த்துவிட்டு, வழியில் மழையா என்று கேட்டார்கள்.

விற்றுத் தொலைக்கலாமே என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். என் முதுகுக்காகவாவது விற்கக் கூடாதா என்று என் மனைவியும் கேட்டுப் பார்த்தாள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி மேரி அக்காவுக்குப் பிறந்த ஊர் ஆவூர். ஈஸ்டருக்கு ஒருமுறை லீவில் வந்து மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்காவின் அண்ணன் பந்தியில் பத்துப் பேருக்கு நடுவில், "என்ன மாப்ள, அரபிக்காரன் பொண்டாட்டிக்குக் கதவு தொறந்து தொறந்து கை காச்சுப் போச்சா?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"அது சாப்புடாம எந்திரிச்சுப் போச்சு சார்" என்றார் கப்பல்காரர். "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சொந்தக் கார்ல, பின்சீட்ல அத உக்கார வச்சு, ஆவூர் கோயில் வாசல்ல கொண்டுபோயி நிறுத்தி, அதுக்கு நான் கதவு தொறந்து விடணும். அவுக அண்ணன் பாக்கணும். அது வரைக்கும் இந்த வண்டிய விக்க மாட்டேன்."

அதோடு விற்கிற பேச்சை விட்டேன். தள்ளினேன்.

வருஷா வருஷம் ஈஸ்டர் தேருக்கு ஆவூர்ப் பயணம். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட் போட்டு இவர் ஸ்டியரிங்கில் உட்காருவார். அக்கா பட்டுப்புடவையோடு பின்சீட்டில். அவசரத்துக்குத் தள்ளுவதற்காக நான் முன்சீட்டில். எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் அதே காரணத்துக்காக மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம் போகுமா? பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அக்காவைப் பார்த்து மரியாதையாகக் கேட்பார்.

"ஏசி போதுங்களா?"

"என்னத்த ஏசி? வேர்த்து ஊத்துது. கண்ணாடிய எறக்குங்க."

"ஆவூர் போயி எறக்கிக்கலாம்."

முதல் வருஷம் நார்த்தாமலையைத் தாண்டவில்லை. நின்ற இடத்தில் ஒரு புளியமரம்கூட இல்லை. இரண்டாவது வருஷம் கீரனூர் கடைத்தெருவில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே நின்றது. முன்னாலும் பின்னாலும் ஹாரன் அடித்தே எங்களைக் கொன்றார்கள். இதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: என்ன ஆனாலும் அக்கா இறங்கக் கூடாது. "நீ எறங்காத. நீ எறங்குனா மருவாதி இல்ல" என்பார். அதனால் நாங்கள் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளுவோம். அக்கா உள்ளே, சப்பரத்தில் வைத்த மாதா சொரூபம் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பார். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். கப்பல்காரர் அதைப் பார்க்கவில்லை. அவர் போனட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

இரண்டு வருஷமும் தேர் போன பிறகு பஸ் பிடித்து ஆவூர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வருஷமும் அண்ணன்காரர், "கப்பலு எங்க மாப்ள, கடல்ல நிக்கிதா?" என்று கேட்டாராம். மூன்றாவது வருஷம் அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இதான் கடேசி. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா இனிமே நான் இதுல ஏற மாட்டேன்."

அந்த ஈஸ்டருக்குக் கப்பல்காரர் செய்த ஏற்பாடுகளைப் பார்த்து எனக்குக் கவலையாகிவிட்டது. இந்த மனிதன் இவ்வளவு நம்புகிறாரே என்றுதான். வெயில் ஏறுமுன் கிளம்பினோம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு மேடாகப் பார்த்து நிறுத்தி, போனட்டைத் திறந்து விசிறினோம். ஆமாம், விசிறினோம், பனையோலை விசிறியால். நார்த்தாமலை போனது. கீரனூர் போனது. ஆவூர் ரோட்டில் திரும்பியபோது அவர் என் தொடையில் தட்டி, "சார், போயிருவோம் போல இருக்கே!" என்றார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கண்பட்டுவிடும் என்று பயம்.

கோயில் கோபுரம் தெரிந்தது. திருவிழாக் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. கூட்டத்துக்குள் ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. ஊர்ந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால்... அவ்வளவுதான். பஞ்சுமிட்டாய்க்காரன் பக்கத்தில் போய்ச் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. கோயில் வாசலுக்கு இன்னும் முந்நூறு அடி இருக்கும்.

கப்பல்காரர் சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் போனட்டைத் திறக்கக்கூட இறங்கவில்லை.

பின்கதவு திறந்தது. சட்டத்தை மீறி அக்கா இறங்கிவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் வந்து டிரைவர் கதவைத் திறந்தார்.

"எறங்குங்க."

"நீ எதுக்கு எறங்குன? நீ போயி உக்காரு, நாங்க தள்ளிருவோம்..."

"எறங்குங்கன்னு சொல்றேன்ல. பின்னாடி போயி உக்காருங்க."

"நானா? பின்னாடியா?" என்று அவர் விழித்தார். அந்தப் பின்சீட்டை அவர் தினமும் துடைப்பார். ஒருநாளும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒங்கள எந்த ஊருலயாச்சும் யாராச்சும் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிப் போயிருக்காகளா? போங்க. தம்பி, நீங்க தள்ளுங்க. நான் இத நேரா புடிச்சுக்கிறேன்."

அக்காவுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். நியூட்ரலில் போட்டுக் காட்டிவிட்டு நான் பின்னால் ஓடினேன். பையன்கள் மூன்று பேரும் சேர்ந்தார்கள். பஞ்சுமிட்டாய்க்காரனும் கம்பைச் சாத்திவிட்டுக் கை கொடுத்தான். வண்டி அசைந்தது. அக்கா விடாமல் ஹாரன் அடித்தார். பேட்டரிக்கு அதற்கு மட்டும் எங்கிருந்தோ உயிர் வந்திருந்தது. கூட்டம் விலகியது. உள்ளேயிருந்து கப்பல்காரர், "ஹேண்ட் பிரேக்கு... ஹேண்ட் பிரேக்குல ஒரு கை இருக்கட்டும்" என்று கத்திக்கொண்டே வந்தார்.

வாசலில் திருவிழாக் கமிட்டி பேட்ஜ் குத்திக்கொண்டு அண்ணன்காரர் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே! என்ன ஆத்தா, மாப்ளய உள்ள வச்சுத் தள்ளிக்கிட்டா வார?"

அக்கா கதவைப் பாதி திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"அங்கிட்டு தள்ளி நில்லுண்ணே. எங்க வீட்டு மொதலாளி எறங்கணும்."

அண்ணன்காரர் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனார். நாங்கள் பம்பரைப் பிடித்து இழுத்து வண்டியை நிறுத்தினோம். அக்கா இறங்கி வந்து, பட்டுப்புடவை தரையில் புரள, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கப்பல்காரர் இறங்கினார். வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இறங்கி நின்றவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் திரும்பிக் கதவைச் சாத்தப் போனார்.

"விடுங்க, நான் சாத்துறேன்" என்றார் அக்கா.

கப்பல்காரர் அழுதார். அத்தனை பேருக்கு முன்னால், அண்ணன்காரர் பார்க்க, கைக்குட்டையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் கூட்டிப் போனார்.

நான் அந்தக் கறுப்புப் பூதத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மூன்று வருஷமாக அதை நான் திட்டாத திட்டு இல்லை. அன்றைக்கு இன்னும் ஒரு மைல் தள்ளச் சொல்லியிருந்தாலும் தள்ளியிருப்பேன்.