துண்டுக்குள் ஸ்பானிஷ்

கம்பம் பள்ளத்தாக்கில் ஸ்பானிஷ் இலக்கணத்தைத் துண்டுக்குள் கையை விட்டுப் படித்தவர் துண்டுத் தரகர் ஒருவர்தான். ஸ்பெயினிலேயே அப்படிப் படித்தவர் இருக்க மாட்டார்.

தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டை மூடி, உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார்கள். பதிலுக்கு அழுத்திவிட்டால் அது வாக்கு, மாறக் கூடாது. குழம்பில் உப்பு போதவில்லை என்பதைக்கூட இவர் மனைவியின் கையில் துண்டைப் போட்டுத்தான் தெரிவிப்பார் என்று ஊரில் பேச்சு.

எழுபதுகளில் நான் கம்பத்தில் கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கிருந்த ஸ்பெயின் நாட்டு சிஸ்டர்தான் தரகரின் மனைவியையும் பிள்ளையையும் பிரசவத்தில் பிழைக்க வைத்தவர். சிஸ்டர் சொந்த நாட்டுக்குப் போகிறார், திரும்புவது நிச்சயமில்லை என்று தெரிந்ததும் தரகர் என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, சிஸ்டர் போறாகளாமே! திரும்பி வாங்கன்னு அவுக பாசையிலயே கேக்கணும். தாய்ப் பாசையில கேட்டா எப்படி மாட்டேம்பாக?"

சிஸ்டரிடம் பொறுக்கிய ஸ்பானிஷ் என்னிடம் கொஞ்சம் இருந்தது. 'வுவெல்வா அல் புவெப்லோ', அதாவது ஊருக்குத் திரும்பி வாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். 'அ' என்றால் 'க்கு'. 'எல்' ஆண்பால் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல். இரண்டும் பக்கத்தில் வந்தால் சேர்ந்து 'அல்' ஆகிவிடும். 'இருந்து' என்னும் 'தெ'யும் 'எல்'லும் சேர்ந்தால் 'தெல்'. பெண்பாலுக்குரிய 'லா' மட்டும் எதோடும் சேராது.

"வாயில நிக்காது தம்பி, கையைக் குடுங்க" என்று துண்டைப் போட்டார். ஆள்காட்டி விரல் 'அ', நடுவிரல் 'எல்'. இரண்டையும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினால் 'அல்'. 'லா'வுக்குச் சுண்டுவிரல்.

"லாவா? அது பூட்டுனா இழுக்காத மாடு. விடுங்க, அங்கனயே தனியா மேயட்டும்" என்றார்.

பாடம் சந்தைக்கும் போயிற்று. ஒற்றை மாடு வாங்க வந்த உத்தமபாளையத்து ராவுத்தரின் கைக்குள், ஏதோ யோசனையில் தரகர் 'அல்' கொடுத்துவிட்டார். ராவுத்தரும் விலைதான் என்று நினைத்து, கவனிக்காமல் அழுத்திவிட்டார். சந்தைக் கணக்கில் சேர்ந்த இரண்டு விரல் என்றால் ஜோடி மாடு!

"ஒத்த மாடுதானேய்யா கேட்டேன்!" என்று கத்தினார் ராவுத்தர். துண்டுக்குள் முடிந்தது முடிந்ததுதான். ஜோடியை ஓட்டிக்கொண்டுதான் போனார்.

சிஸ்டர் புறப்படும் நாள் வந்தது. பஸ் ஸ்டாண்டில் தரகர் வாயைத் திறந்தார். 'வுவெ...' அதற்கு மேல் காற்றுதான் வந்தது. கண் கலங்கிவிட்டது. சட்டென்று தோள் துண்டை உருவிச் சிஸ்டரின் கைமேல் போட்டார். கன்னியாஸ்திரீயின் கையில் மாட்டுத் தரகர் துண்டு போட்டதைப் பார்த்துப் பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. உள்ளே விரல்களைப் பிடித்ததும் வார்த்தை தானாக வந்தது.

"வுவெல்வா அல் புவெப்லோ!"

சிஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதிலுக்கு அழுத்தினார்.

"அழுத்திட்டாக! இனி வராம இருக்க முடியாது!" என்று தரகர் கண்டக்டரைப் பிடித்து உலுக்கினார். சொன்னபடியே மறு வருஷம் சிஸ்டர் வந்து இறங்கினார்.

பிறகு எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. அதே பஸ் ஸ்டாண்டுக்குத் தரகர் வழியனுப்ப வந்தார். என் கைமேல் துண்டு விழுந்தது. உள்ளே இரண்டு விரல்கள் சேர்ந்து அழுத்தின, அதே 'அல்'. நானும் அழுத்திவிட்டேன்.

வருஷம் தவறாமல் கம்பத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது அங்கே தரகர் இல்லை. அதற்காகத் துண்டுக்குள் கொடுத்த வாக்கை மாற்ற முடியுமா?