வேலியில் எந்தப் பூங்குருவி?

சனிக்கிழமை மாலை நான்கு பத்து, மெல்லிய தூறல். வாரம் முழுவதும் வங்கியில் பிறர் கையெழுத்துகளை ஒப்பிட்டுச் சலித்த கண்களை மூடி, நாளை சோபாவை விட்டு எழுவதேயில்லை என்று நான் சங்கல்பம் செய்துகொண்ட நேரம் அது.

"நாளைக்கு முன்பக்கப் புதர் வேலிய வெட்டிடுங்க. ஜன்னல்ல வெளிச்சமே வரல," என்றாள் என் மனைவி.

இதை எதிர்பார்த்தே நான் தயாராக இருந்தேன்.

"வெட்டலாம்தான். ஆனா அதுல பூங்குருவி கூடு கட்டியிருக்கே, பாவம்."

"எந்தப் பூங்குருவி?"

"அதோ, மர உச்சியில பாடுதே, அதுதான்."

பூங்குருவியில் இரண்டு உண்டு என்று பறவைப் புத்தகத்தில் படித்திருந்தேன். சின்னது புதரில் கூடு கட்டும். பெரியது உயர்ந்த மரக்கிளையில். இரண்டுக்கும் நெஞ்செல்லாம் புள்ளி. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நுண்ணோக்கியில் புள்ளிகளைப் பிரித்தறிபவள் என்பது அந்தக் கணத்தில் எனக்கு மறந்துபோயிற்று.

அவள் தொலைநோக்கியை எடுத்தாள். புத்தகத்தையும் எடுத்தாள்.

"சின்னதுக்குப் புள்ளி அம்பு முனை மாதிரி இருக்குமாம். இதுக்கு வட்டமா இருக்கு."

"தூறல்ல அப்படித்தான் தெரியும்."

"சின்னது ஒவ்வொரு அடியையும் ரெண்டு மூணு தரம் திருப்பிப் பாடுமாம். இது திருப்பவே இல்லையே?"

"திருப்பிச்சே! என் காதால கேட்டேன்."

"இந்த வீட்ல சொன்னதையே திருப்பிச் சொல்றது நான் ஒருத்திதாங்க. அதத்தான் கேட்டிருப்பீங்க."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"இது பெரியது. கூடு மரத்துல இருக்கும். காலையில எழுப்பறேன்."

மறுநாள் காலை, கத்தரியோடு போய் வேலியை விலக்கினேன். உள்ளே ஒரு கூடு! அதில் அம்பு முனைப் புள்ளிகளுடன் ஒரு சின்னப் பூங்குருவி அமர்ந்து என்னை முறைத்தது. நான் சொன்ன பொய் ஒன்று உண்மையானது என் வாழ்வில் அதுவே முதல் முறை.

"இங்க வாயேன்! நான் நேத்தே சொன்னேன்ல?"

அவள் நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஆமாங்க, சின்னதேதான். ஒரு இலையக்கூடத் தொடாதீங்க, பாவம்."

நான் வெற்றிப் பெருமிதத்தோடு சோபாவை நோக்கித் திரும்பினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க? பின்பக்க வேலில கூடு இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு நேத்தே பார்த்து வெச்சுட்டேன்."

சின்னது அடைகாத்தது. பெரியது மழையில் நனைந்தபடி பாடியது. என் மனைவி சோபாவில் சாய்ந்து அதைக் கேட்டாள். நான் பின்பக்க வேலியை வெட்டினேன். அது முன்பக்க வேலியைப்போல் இருமடங்கு நீளம்.