டோல்வேயில் எஸ்கார்ட் அங்கிள்

இரண்டாம் உலகப்போர் முடிந்துவிட்டது என்பதை எங்கள் அமெரிக்க ஊரான ஃபிரிஸ்கோவில் இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் எஸ்கார்ட் அங்கிள்தான்.

சேலத்துக்காரர். ரிட்டையர்டு சிவில் இன்ஜினீயர். கப்பலில் கால் வைத்ததே இல்லை. ஏதோ ஒரு கராஜ் சேலில் பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். அதிலிருந்த குட்டிப் போர்க்கப்பல் அவரைப் பிடித்துக்கொண்டது. சரக்குக் கப்பல்கள் கூட்டமாகக் கடலைக் கடக்கும்போது, நீர்மூழ்கிகள் அடித்துவிடாமல் கூடவே காவல் போவது, அதாவது எஸ்கார்ட், அதன் வேலை. கட்டிய நாள் முதல் காயலான் கடைக்குப் போன நாள் வரை அதன் சரித்திரம் அவருக்கு மனப்பாடம்.

பர்த்டே பார்ட்டியில் சமோசாத் தட்டோடு அவரிடம் மாட்டினால் தீர்ந்தது.

"அன்னிக்குப் பூரா குண்டு போட்டாங்க. தண்ணி கொந்தளிக்குது. மேல என்ன மிதந்து வந்துச்சு தெரியுமா?"

"சப்மரீனா அங்கிள்?"

"திமிங்கலம்மா! ஒரு சப்மரீனைக்கூட அந்தக் கப்பல் அடிச்சதில்ல. ஆனா அது கூட்டிட்டுப் போன கப்பல் ஒண்ணுகூட முழுகல!"

நாலு குடும்பம் கோயிலுக்குக் கிளம்பினால் அங்கிள் கார்தான் கடைசி. ரூட்டும் அவர் போட்டதுதான். வீடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து, பத்து நிமிஷத் தூரத்துக்கு நாற்பது நிமிஷம்.

"நேரா போனா எதிரி ஈஸியா கணக்குப் போட்டுடுவான்."

"எதிரி யாரு அங்கிள்?"

"அவன் வந்த அப்புறம்தான் தெரியும்."

ஒருமுறை எங்கள் வரிசையில் தெரியாமல் புகுந்துவிட்ட மினிவேன் ஒன்றை, அதன் வீட்டு வாசல்வரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டார். உள்ளே இருந்த அம்மாள் போலீசுக்கே போன் செய்துவிட்டாள்.

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவள்தான், எனக்கு வேலை கிடைக்கும்வரை. வொர்க் பெர்மிட்டுக்காக மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்து, பக்கத்து ஊரான பிளானோவில் கிடைத்த வேலை. கணவர் வாரம் முழுக்க வெளியூர். ஏழரைக்குக் குழந்தையை டேகேரில் விட்டு, எட்டுக்கு ஆபீஸ். டோல்வே என்ற கட்டண அதிவேகச் சாலையை விட்டால் வழியில்லை. ஒத்திகை பார்த்த அன்று லாரிகளைப் பார்த்து மிரண்டு, முதல் எக்ஸிட்டிலேயே இறங்கி அழுதேன். வேலை வேண்டாம் என்று மெயில் எழுதிக்கொண்டிருந்தபோது அங்கிள் போன் செய்தார். நான் அழுததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்; மெயில் விஷயத்தை நானே உளறிவிட்டேன்.

"மெயிலை டெலீட் பண்ணும்மா. ரெண்டு வாரம் நான் பின்னால வரேன்."

வந்தார். நான் ஐம்பது மைல் வேகத்தில் போக, அவரும் மினுக்கும் ஹசார்ட் லைட்டோடு ஐம்பதில். ஊரே அவரைப் பார்த்து ஹார்ன் அடித்தது. என் கண்ணாடியில் அவருடைய பழைய காரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் இந்தியன் ஸ்டோரில் அங்கிளின் மனைவி ஆன்ட்டியைப் பார்த்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஒரு லாரி உரசினதுலேர்ந்து அவர் டோல்வே ஏறினதே இல்லம்மா. பத்து வருஷமாச்சு. கோயிலுக்குச் சுத்திச் சுத்திப் போறதும் அதனாலதான். இப்ப தினம் வீட்டுக்கு வந்தா அரைமணி நேரம் கை நடுங்குது. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஆர்டர்."

உடனே அங்கிளுக்குப் போன் போட்டேன்.

"நாளைலேர்ந்து நானே போயிடறேன் அங்கிள். பயம் போயிடுச்சு."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கேம்மா! பாதியில விட்டுட்டுப் போனா அது எஸ்கார்ட்டா?"

மறுநாளும் வந்தார். எனக்கு உண்மையிலேயே பயம் போயிருந்தது, எழுபதில் பறந்திருப்பேன். அவருக்காக ஐம்பதிலேயே ஓட்டினேன்.