பெட்டிக்குள் மார்கழி

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் ஒரு மூலைகூட இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று நினைப்பவர்கள், பூச்சி ஆராய்ச்சி செய்யும் மருமகளோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. நான் இருந்தேன்.

மருமகள் தேன்மொழி கீரனூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய்ப் படிக்கிறாள். கல்லூரியில் மராமத்து நடந்ததால், பருத்திக் காய்ப்புழுக்களைப் பெட்டியோடு எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்தாள். இருபத்துநாலு என்றாள். (நான் எண்ணியபோது இருபத்துமூன்று. பதறிப்போய்த் தேடினேன், மூடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.)

"இதுகளுக்குள்ள கடிகார மரபணு இருக்கு மாமா. பகல் குறைஞ்சா குளிர்காலம்னு தெரிஞ்சுக்கிட்டு புழுவாவே தூங்கிரும். பகல் நீண்டா அந்துப்பூச்சியாயிரும்."

"கடிகாரம்னா பேட்டரியா, சாவி குடுக்குறதா?"

"ரெண்டும் இல்லீங்க மாமா. வெளிச்சந்தான்."

எனக்கு விளங்கவில்லை. தூங்கும் புழுக்களைப் பேராசிரியரிடம் காட்டாவிட்டால் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள். அது விளங்கியது.

பெட்டிக்குள் இருந்த பல்பு சாயங்காலம் நாலரைக்கே தானாக அணைந்துவிடும். அதற்குமேல் வெளிச்சம் படக்கூடாதென்று அவளே அந்த அறையைத் திறக்க மாட்டாள். வாயில்லா ஜீவன்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் இருட்டில் கிடப்பதா? மூடியைத் திறந்து, பக்கத்தில் ஒரு நைட் லேம்ப்பைப் போட்டுவிட்டு, நான் படுக்கப் போகும்போது அணைத்து மூடினேன். தினமும். கொஞ்ச நாளில் புழுக்கள் கூடு கட்டிச் சுருண்டுகொண்டன. நல்ல தூக்கம் என்று சந்தோஷப்பட்டேன். தூக்கம் கலையக் கூடாதென்று அதற்குப் பிறகு நானும் மூடியைத் திறக்கவில்லை, தேன்மொழியும் திறக்கவில்லை.

பெட்டியைத் திருச்சிக்குக் கொண்டுபோன அன்று துணைக்கு நானும் பஸ் ஏறினேன். பஸ் குலுங்கிய குலுக்கலில் ஏதாவது குறைந்திருக்குமோ என்று மூடியைத் தூக்கி எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு... மூன்றாவது என் மூக்கில் உட்கார்ந்தது. மற்றவை பஸ் முழுக்கப் பறந்தன.

கண்டக்டர் வந்து நின்றார். "லக்கேஜுன்னு சொன்னீங்க. இப்ப இம்புட்டு டிக்கெட் பறக்குது?"

தேன்மொழி காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, சாயங்காலம் அந்த ரூம்ல லைட் போட்டீங்களா?"

"வெளக்கு வைக்கிற நேரமாச்சேம்மா..."

"நீங்க ஒரு லைட்டுதான் போட்டீங்க. அதுகளுக்குச் சித்திரை வந்துருச்சு."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை அறைக்குப் பூட்டு. சாவி என் மனைவியின் இடுப்பில். புழுக்கள் நன்றாகத் தூங்கின. உள்ளே எத்தனை இருக்கிறதென்று எண்ண முடியாமல் எனக்குத்தான் தூக்கமில்லை.

புழு எப்படி மணி பார்க்கிறது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் சுவிட்சில் கை வைத்தபடி என் மனைவி கேட்கிறாள்:

"என்னங்க, வெளக்குப் போடலாமா? இல்ல, இங்கிட்டு யாருக்காச்சும் இன்னும் மார்கழி நடக்குதா?"