மலையடிவாரப் பள்ளிக்கு அரை ஆசிரியர்

வளரும் நாடுகள் இன்னும் வளர்ந்து முடியாததற்கு ஒரே காரணம், அவற்றை மதிப்பீடு செய்யப் போதுமான ஆள் இல்லாததுதான். இந்தக் குறையைப் போக்க என்னால் இயன்றதைச் செய்துவருகிறேன். இதுவரை மூன்று நாடுகளை மதிப்பிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்கு நேரிலேயே போயிருக்கிறேன்.

அந்த ஒன்று நம்முடையது.

என் தகுதியை விசாரிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டாற்றுக் கம்போளச் சந்தையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் பேச்சு என்றாலே விலைப்பேச்சுதான். வைத்தியர், "ஒரு நாளைக்கு மூணு மாத்திரை" என்றால் அப்பா, "ஒண்ணரையில முடிச்சிக்கிடுவோம்" என்பார். எதிராளி சொல்வதில் பாதிதான் உண்மை, மீதி நாம் குறைப்போம் என்று ஏற்றி வைத்தது. இந்த ஒற்றைச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பன்னாட்டு நிறுவனமொன்றில் 'மூத்த மதிப்பீட்டு வல்லுநர்' ஆனேன். அங்கே இதற்குத் 'தரவுச் சீராக்கம்' என்று பெயர்.

சென்ற ஆண்டு 'பள்ளிக்கண்' என்னும் மகத்தான செயலியை மதிப்பிடும் பொறுப்பு என் தோளில் விழுந்தது. காலை பதினொரு மணிக்குள் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் கைப்பேசியில் படம்பிடித்து ஏற்றிவிட வேண்டும். ஏற்றினால் பள்ளியின் பெயர் பச்சை. பிந்தினால் மஞ்சள். மூன்று நாள் தவறினால் சிவப்பு. சிவந்துபோன பள்ளியை 'அருகிலுள்ள பள்ளியுடன் இணைப்பது பரிசீலிக்கப்படும்'. பாடம் நடந்ததா என்று மட்டும் செயலி கேட்பதில்லை. பிறர் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்காத நாகரிகம் அதற்கு உண்டு.

என் பட்டியலில் இருந்த நாற்பது பள்ளிகளில் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருந்தது ஒன்றே ஒன்று. சிதறால் மலையடிவாரத்தில் ஐந்து வகுப்புகளும் இருபத்து மூன்று பிள்ளைகளும் கொண்ட தொடக்கப் பள்ளி. 'வெற்றிக் கதை' எழுதுவதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்துப் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பள்ளியில் ஆசிரியர் இல்லை. சத்துணவு சமைக்கும் அன்னக்கிளி கையில் கரண்டியோடு வகுப்பு வாசலில் நின்று, இருபத்து மூன்று பேரையும் பார்வையாலேயே அடக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர் எங்க?"

"மலையில." கரண்டி மேலே நீண்டது.

"மலையில என்ன வேலை?"

"டவரு கிட்டணும்லா? இஞ்ச ஒரு புள்ளி கெடையாது. மேல கோயில் பாறையில போயி நின்னா நாலு புள்ளி காட்டும். பிள்ளியளுக்க மொகத்த இஞ்ச புடிச்சி, அங்க கொண்டு ஏத்திட்டு வருவாவ. தெனமும் இதுதான். கால்முட்டு தேஞ்சி போச்சி அவியளுக்கு."

"எப்ப எறங்குவாங்க?"

"பதினொண்ணேகால் ஆவும். மழைன்னா பன்னெண்டு. அதுவர சாம்பாரும் பிள்ளியளும் எனக்க பொறுப்பு. ரெண்டுல எது பொங்குனாலும் ஓடணும்."

உடனே குறிப்பேட்டை எடுத்தேன். 'செயலியின் எதிர்பாராத நற்பயன்: ஆசிரியரின் அன்றாட உடற்பயிற்சி.'

பதினொன்றேகாலுக்குத் தலைமை ஆசிரியை சத்தியபாய் இறங்கி வந்தார். ஐம்பது தாண்டிய வயது. ஒரு கையில் குடை, மறு கையில் செருப்பு, பாலித்தீன் பையில் சுற்றிய கைப்பேசி இடுப்பில். அந்தப் பள்ளிக்கு அவர்தான் தலைமை ஆசிரியர், அவரேதான் மற்ற எல்லா ஆசிரியர்களும்.

"வந்து ரொம்ப நேரம் ஆச்சா, சாரே? ஒரு பிள்ளைக்க மொகம் ஏறவே மாட்டேன்னு சுத்திச் சுத்தி நின்னுது."

"ஒருநாள்கூடத் தவறலியே டீச்சர்! எப்படிச் சாதிச்சீங்க?"

"தவறினா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாவளே. இந்தப் பொடிசுவ பெரிய ரோட்டத் தாண்டி அங்கோடி எப்பிடிப் போவும்?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூட இருந்த டீச்சர் மாறிப் போயி ஒரு வருசம் ஆச்சி. காலம்பற உள்ள கணக்குப் பாடம் அப்பிடியே மலையில போவுது. அஞ்சாங் கிளாசுல ஒண்ணுக்கும் ஏழாம் வாய்ப்பாடு தெரியாது. அடுத்த வருசம் பெரிய பள்ளிக்கூடத்துல போயி முழிக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சாரே. ஒரு டீச்சர் போதும்."

என் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'ஆதரவுப் பரிந்துரை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எழுதும் எண்ணைப் பார்த்துத்தான் திட்ட அலுவலகம் ஆள் கொடுக்கும். பேனாவைத் திறந்தேன்.

"ஒண்ணு கேக்கீங்க. சரி, எதுல முடிப்போம்?"

"எதுல முடிக்கதுக்கு? ஒண்ணுதான்."

"கொஞ்சம் எறங்கி வாங்க டீச்சர்."

"இப்பதான சாரே எறங்கி வந்தேன்!"

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். விலையை ஏற்றிச் சொல்பவர்களுக்குக் கண்ணோரம் சற்றே துடிக்கும். இவருக்குத் துடிக்கவில்லை. பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரி என்று முடிவுகட்டினேன். பாதியாக்கி, '0.5 ஆசிரியர்' என்று எழுதினேன். நான் அரையில் தொடங்கினால் திட்ட அலுவலகம் முக்காலுக்கு வரும், பிறகு பெரிய மனது பண்ணி ஒன்றாக்கிவிடலாம் என்பது என் கணக்கு.

திட்ட அலுவலகத்தில் இருப்பவர்கள் யாரும் கம்போளத்தில் வளர்ந்தவர்கள் அல்லர் என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. திட்ட மேலாளர் ஸ்ரீஜித் கூப்பிட்டார்.

"சார், ரிப்போர்ட் பிரமாதம்! அந்த உடற்பயிற்சி விஷயத்த மேலிடத்துல ரொம்ப ரசிச்சாங்க. மலை இருக்கிற நாடுகளுக்கெல்லாம் 'முன்மாதிரி'ன்னு அனுப்பியாச்சு. ஒரே ஒரு சிக்கல். அரை டீச்சர சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. முழு எண்தான் கேக்குது."

"அப்ப ஒண்ணாக்கிருங்க, தம்பி."

"ஐயோ! மதிப்பீட்டாளர் போட்ட நம்பர்ல நாங்க கை வைக்கவா? தப்பு சார்."

"நானே மாத்திக் குடுத்திருதேன்."

"நீங்களும் கை வைக்கக் கூடாது. இறுதி பண்ணியாச்சு. இனி மாத்தணும்னா ஒங்க மதிப்பீட்டயே ஒருத்தர வச்சு மதிப்பிடணும்."

அந்த அபாயத்துக்கு நான் தயாராக இல்லை.

"பின்ன என்ன செய்ய?"

"செஞ்சாச்சு சார். 'கண்காணிப்பு ஆலோசகர்'ங்கிற தலைப்புல அரை எடுக்குது. பகுதிநேரப் பணி, காலையில ரெண்டு மணி நேரம். அங்க நகத்திட்டேன். முன் அனுபவம் உள்ள ஆள் வேணுமாம். அந்தப் பள்ளிக்கூடத்தப் பாத்த ஒரே ஆள் நீங்கதான்."

மறுக்கத்தான் நினைத்தேன். "மாசம் பத்து நாள் வந்தா போதும்" என்றார். "அஞ்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏழரையில் முடிந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் போனேன். சத்தியபாய் வாசல்வரை ஓடி வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆர்டர் வந்திருக்குன்னு சென்னாவ. டீச்சர் எங்க சாரே?"

"நான்தான் வந்திருக்கேன்."

"நீங்களா? சந்தோசம்! கணக்கு எடுப்பியளா?"

"இல்ல டீச்சர். நீங்க எடுக்காம இருக்கதக் குறிச்சு வைப்பேன்."

நடந்ததைச் சொன்னேன். சூத்திரத்தையும் சொன்னேன்.

"அப்ப நான் ரெண்டு கேட்டிருந்தா?"

"ஒண்ணு கெடச்சிருக்கும்."

"எனக்கு அது தெரியாமப் போச்சே சாரே. எங்க வீட்டுல உள்ளதச் செல்லித்தான் பழக்கம்." மணி ஒன்பதரை ஆகியிருந்தது. பிள்ளைகளின் முகங்களைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, குடையை ஊன்றி, மலையேறிப் போனார்.

அன்னக்கிளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பிள ஆளு ஒண்ணு இருக்குல்லா. இனி நான் எனக்க சாம்பார நிம்மதியாப் பாப்பேன்" என்று சமையற்கூடத்துக்குள் போய்விட்டார்.

பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எதிரே, ஆசிரியர் நாற்காலியில், 'காலைக் கண்காணிப்புப் படிவ'த்தை மடியில் விரித்து உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்த ஆதிரா எழுந்து நின்றாள்.

"சாரே, ஏழெட்டு எத்தர?"

"அம்பத்தாறு."

"ஒம்பதேழு?"

"அறுபத்து மூணு."

அவள் கடைசி வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே பிரபினே, இந்த சாருக்கு எல்லாம் தெரியும்டே!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "பின்ன எதுக்கு சாரே சும்மா இருக்குதிய?"

"அது எனக்க பணி வரம்புல வராது, மக்கா" என்று கனிவோடு விளக்கினேன். வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் படிவத்தைப் பார்த்தேன்.

கேள்வி ஏழு: 'இந்த நேரத்தில் வகுப்பறையில் பொறுப்புள்ள பெரியவர் எவரேனும் இருக்கிறாரா?'

தவறாகக் குறித்துவிடக் கூடாதே என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தேன். 'இல்லை' என்று குறித்தேன்.